ஷாப்டின் மேல் முனை

"வாத்தியாரே, தப்பு யார் மேலன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

ஜீப்பை விட்டு இறங்கும்போதே பால்துரை கேட்டுவிட்டான்.

கம்பம் மெட்டு அடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் வஹிதா பானுவை ஊரே வாத்தியார் என்றுதான் கூப்பிடும். பால்துரை அவரைவிட ஆறு வயது மூத்தவன். ஆனாலும் தொழில் படித்தது அவரிடம்தான்.

வாத்தியார் மிச்ச டீயைக் குடித்தார்.

"வண்டி என்ன செய்யுது?"

"நாப்பதைத் தொட்டா உதறுது. பல்செட்டு வச்ச கிழவி ஒண்ணு, உன் வண்டியில ஏறுனா பல்லைக் கழட்டி மடியில கட்டிக்க வேண்டியிருக்குடான்னு ஏசுது."

"எப்பருந்து?"

"ஒசத்துனதுலருந்து."

ஏலத்தோட்டப் பாதையில் பாறை அடிவயிற்றில் இடிக்கிறதென்று அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஜீப்பை நாலு விரற்கடை உயர்த்தியிருந்தார்கள். புது ஸ்பிரிங் பட்டை போட்டு வண்டியின் உடம்பைத் தூக்கியது தம்பி ஜெபசிங். வண்டி உயர்ந்ததும், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாப்ட் சரிவாக நின்றது. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்து, ஷாப்ட் மாட்டும் ஆக்சிலின் மூக்கை ஷாப்டுக்கு நேராக நிமிர்த்தியது பால்துரை.

"சக்கரம் பாத்தாச்சு, டயர் மாத்தியாச்சு. அவன் உன் ஆப்புதான்ங்கிறான். நான் உன் பட்டைதான்னேன். நேத்து வாய் முத்திப்போச்சு. இன்னைக்கு அஞ்சு மணி பஸ்ல கோயம்புத்தூர் போறானாம். இனி வரமாட்டானாம்."

"உங்ககிட்ட சொன்னாரா?"

"வாசல்ல படுத்திருந்த நாய்கிட்ட சொன்னான். எனக்குக் கேக்கட்டும்னு."

வாத்தியார் சிரிக்கவில்லை.

"தப்பு அவன் மேலன்னா போகட்டும். என் மேலன்னா போய்க் கூப்பிடுறேன். ஆனா என் முனை நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு, வாத்தியாரே. நீங்களே பாருங்க."

"சக்கரத்துக்குக் கல்லு வைங்கண்ணே."

அவர் அடியில் நுழைந்து ஷாப்டைக் கழற்றி வெளியே கொண்டுவந்தார். இரண்டு முனையிலும் மடங்கும் மூட்டு. மூட்டைத் தாண்டி ஒரு கைப்பிடி அளவு இரும்பு.

பழைய டயர்களை அடுக்கி, மேலே ஏறி நின்றுகொண்டார். கியர்பாக்ஸில் மாட்டும் மேல் முனை, வண்டியில் இருப்பதுபோல் மடங்கி, அவர் கையில். பால்துரை தரையில் குந்தினான். ஆக்சிலில் மாட்டும் கீழ் முனை அவன் கையில்.

"வண்டியில வச்ச மாதிரியே பிடிங்க."

அவன் தன் முனையை ஷாப்டோடு ஒரே கோடாக நிமிர்த்திப் பிடித்தான்.

வாத்தியார் தன் முனையைச் சுற்றினார்.

அவன் உள்ளங்கையில் அது துள்ளியது. ஒரு சுற்றுக்கு இரண்டு துள்ளல், பிடித்த மீன் மாதிரி.

"ஆட்டாதீங்க, வாத்தியாரே."

"நான் ஆட்டல."

அவன் அவர் மணிக்கட்டையே பார்த்தான். அது ஒரே சீராகத்தான் சுற்றியது.

"உங்க முனையை மடக்குங்க."

"மடக்குனா கோணலாப் போகுமே."

"மடக்குங்கண்ணே."

மடக்கினான்.

"இன்னும். என் முனை எவ்வளவு மடங்கியிருக்கோ அவ்வளவு."

துள்ளல் தேய்ந்தது. பிறகு நின்றது. கையில் இரும்பு சுற்றுவதே தெரியவில்லை.

"நிமிர்த்துங்க."

துள்ளியது.

"மடக்குங்க."

அடங்கியது.



வாத்தியார் இறங்கி வந்து ஷாப்டை அவன் மடியில் கிடத்தினார்.

"உங்க முனையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டான். கிரீஸ் வெண்ணெய் மாதிரி இருந்தது. மூட்டு இறுக்கமாக, நேற்று வாங்கியதுபோல் இருந்தது.

"இப்ப அந்த முனை."

அசைத்தான். மூட்டு கடகடவென்று ஆடியது. செங்கல்லை உரசினாற்போல் சிவப்புத் தூள் அவன் வேட்டியில் கொட்டியது. மூட்டை மூடும் இரும்புக் குப்பியின் விளிம்பு பாதிவரை பிளந்திருந்தது.

"இது... இதுவும் அன்னைக்கே போட்டதுதானே? ரெண்டும் ஒண்ணாத்தானே போட்டோம்?"

"ஆமா."

"என் முனை மடங்காததுக்கு இது அடி வாங்கியிருக்கு. இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

"இன்னைக்குக் காலையில தாங்கியிருக்கே, அதுவே அதிகம்."

இன்று காலையில் அவன் பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறினான். வழியெல்லாம் தம்பியைத் திட்டிக்கொண்டே ஓட்டினான். மேல் மூட்டு விட்டால் ஷாப்டின் தலை தரையில் குத்தும். ஓடுகிற வண்டி அதன்மேல் எழும்பிக் கவிழும். அது அவனுக்குத் தெரியும். இவரிடம் முதல் மாதத்தில் படித்த பாடம்.

வேட்டியில் கிடந்த சிவப்புத் தூளைத் தட்டிவிட்டான்.  

வாத்தியார் டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார்.

பால்துரை, "ஆப்பை எவ்வளவு செதுக்கணும்?" என்றான்.

"மேல் முனை எவ்வளவு மடங்குதோ, அதுக்குச் சமமா."

"அது எவ்வளவு?"

"தூக்குனவரைக் கேளுங்க."

பால்துரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலே முக்கால்.

ஷாப்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஸ்டாண்டில் கோயம்புத்தூர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜெபசிங் படிக்கட்டில் பையோடு நின்றான். அண்ணனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினான்.

"என்ன, தீர்ப்பு வந்திருச்சா? தப்பு எம்மேலதான? இங்கயே சொல்லு. நாலு பேர் கேக்கட்டும்."

"யோவ், இரும்பெல்லாம் ஏத்த முடியாது" என்றார் கண்டக்டர்.

பால்துரைக்கு மூச்சு வாங்கியது. மேல் முனையைத் தம்பியிடம் நீட்டினான்.

ஜெபசிங் பிளந்த விளிம்பைப் பார்த்தான். விரலால் தடவினான். விரல் சிவந்தது. பை தோளிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

"காலையில... இதுலயா கூட்டிட்டுப் போன?"

"ஆமா."

"எல்லாரையுமா?"

"ஆமா. பிடி."

"எதுக்கு?"

பால்துரை அந்தப் புழுதியில், அத்தனை பேர் பார்க்க, குந்தி உட்கார்ந்தான். கீழ் முனையை இரு கையாலும் பிடித்து மடக்கினான்.

"வண்டியில மடங்கியிருக்கிற மாதிரியே பிடிச்சு மெதுவாச் சுத்து" என்றான். "போதும்னு நீ சொல்ற வரைக்கும் நான் மடக்குறேன்."