தொட்டிப்பாலத்துத் தூண்

சொர்ணதாஸ் ஸ்டுடியோவுக்குள் வந்த வேகத்தில் செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டார். பணி ஓய்வு பெற்ற கையோடு கேமரா வாங்கியவர். அவருக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தா அவரைவிட ரொம்ப இளையவள். ஆனாலும் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"டீச்சர், இதைப் பாருங்க! திற்பரப்பு அருவி. ஒரு ஈ காக்கா இல்ல!"

பார்த்தாள். அருவி, முட்டம் கடற்கரை, சிதறால் மலை. காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடக்கூடிய இடங்கள். எல்லாப் படமும் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"பிரமாதம் சார். இதுல அக்கா எங்க?"

"லீலாவா? என்கூடத்தான் வந்தா." மனைவி பேச்சு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. "இந்த ஞாயிறுதான் கடைசி, இனி வரமாட்டேன்னு சொல்லிட்டா, டீச்சர். வேலை இருந்தவரைக்கும் நான் வடக்கே, அவ இங்கே. இப்பதான் சேர்ந்து ஊர் சுத்துறோம். அவ வரலைன்னா எனக்கு ஒரு இடமும் வேண்டாம். என்ன செஞ்சா வருவா?"

"ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றாள் ஜெசிந்தா.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கீழே ஆற்றங்கரையிலிருந்து பார்த்ததும் சொர்ணதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போகிற பாலம்! "அடடா, வெளிச்சத்தைப் பாருங்க டீச்சர்!" என்று கேமராவோடு ஓடினார். அவர் மனைவி லீலாபாய் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் இருந்த தூக்குச்சட்டியோடு பின்னால் போனாள்.

"லீலா, கொஞ்சம் தள்ளி நில்லு. மறைக்குது."

தள்ளி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம். அந்தத் தூணுக்குப் பின்னால போயிரு."

போனாள்.

"முடிஞ்சுதா?" என்று தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

ஜெசிந்தா அவர் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டு போய் லீலாபாயின் கழுத்தில் மாட்டினாள். தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து சொர்ணதாஸ் கையில் கொடுத்தாள்.

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றாள் லீலாபாய்.

"இதை அமுக்குங்க அக்கா. போதும்."

அமுக்கினாள். திரையைப் பார்த்தாள்.

"அம்மாடியோ! அப்படியே விழுந்திருக்கே!"

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஆற்றில் குதிக்கிற பையன்களை எடுத்தாள். அன்னாசி விற்கிறவளை எடுத்தாள். பாறைக்குப் பாறை தாவினாள். மனைவிக்கு இப்படி ஓடத் தெரியும் என்பதே சொர்ணதாஸுக்கு அன்றுதான் தெரியும். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பாலத்தடியில் போய்ச் சிரித்தபடி நின்றார்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."

அவள் வம்புக்குச் சொல்லவில்லை. படமெடுக்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவரிடமிருந்து கற்றிருந்தாள்.

தள்ளி நின்றார்.

"இன்னும் கொஞ்சம். தூணுக்குப் பின்னால போயிருங்க."

போனார். அங்கிருந்து பாலம் தெரியவில்லை, ஆறு தெரியவில்லை, லீலாவும் தெரியவில்லை. தூக்குச்சட்டி கனத்தது.

"லீலா, முடிஞ்சுதா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு! அடுத்த ஞாயிறு மறுபடியும் முட்டம் போவோம், என்ன? அந்தக் கடலை நான் எடுக்கணும்!"

சொர்ணதாஸ் துள்ளாத குறையாகத் தூணிலிருந்து எட்டிப் பார்த்தார். "டீச்சர், வர்றேன்னு சொல்லிட்டா!"

"கேட்டுச்சு சார். நீங்க மறைக்கிறீங்க, உள்ள போங்க."

சிரித்துக்கொண்டே உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஜெசிந்தா தூணருகே வந்தபோது, தலை நிமிராமல் கேட்டார்.

"படத்துக்குள்ள தேவையில்லாதது எதுவும் இருக்கக்கூடாதுன்னு முதல் நாளே நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

"ஆமா சார்" என்றாள் ஜெசிந்தா. "அக்காவையா சொன்னேன்?"