கருங்கொம்பன் தின்ற வழி

ஆனைமுதுகு மலையின் உச்சிப் புல்வெளியில் கருங்கொம்பன் என்றொரு வரையாடு இருந்தான். பாறை விட்டுப் பாறை தாவுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தெரியாமல் போய்விடுமோ என்று தினமும் நாலு பேரிடம் அவனே சொல்லி வந்தான்.

மலையடிவாரத்தில் ஆற்றங்கரையோரம் உப்பு மண் உண்டு. மழைக்காலத்தில் எல்லா விலங்குகளும் அந்த மண்ணை நக்க இறங்கி வரும். வழுக்குகிற மலையில் எந்த வழியாக இறங்குவது? அதை முடிவு செய்யத்தான் மழைக்கு முன்னால் ஆண்டுதோறும் ஓர் ஓட்டம் வைப்பார்கள். வழி கண்டுபிடித்தவர் முன்னால் ஓடுவார். மற்றவர்கள் பின்னால் ஓடுவார்கள்.

இந்த ஓட்டத்தில் முதலில் வருபவரை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கடைசி ஆள் பத்திரமாக வந்து சேர வேண்டும். அந்தக் கடைசி ஆள் எல்லார் முன்னாலும் வழியின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது வழி. கண்டுபிடித்தவர் பெயர்தான் வழிக்கும் பெயர்.

ஆறு வருடமாக அந்த மலையில் இருந்தது ‘கொம்பன் வழி’தான். செங்குத்துப் பாறை. கருங்கொம்பன் காற்று மாதிரி இறங்கிவிடுவான். முள்ளம்பன்றி பாதி தூரம் உருண்டு வரும். கடமான் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வரும். போன வருடம் ஒரு காட்டுப்பன்றிக் குட்டி சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டது. வேறு வழி தெரியாததால் யாரும் வாய் திறக்கவில்லை.

இந்த வருடம் மின்னி வாய் திறந்தாள்.

மின்னி ஒரு கேளையாடு. நாய் மாதிரி குரைக்கிற சின்ன மான் அது. நிமிர்ந்து நின்றாலும் கருங்கொம்பனின் நெஞ்சு வரைக்கும்தான் வருவாள். சோலைக்காட்டுக்குள் பிறந்து வளர்ந்தவள்.

“சோலைக்குள்ள ஒரு வழி பாத்து வெச்சிருக்கேன். கொஞ்சம் சுத்துதான். ஆனா குட்டிங்ககூட இறங்கலாம்!” என்றாள்.

திருப்பத்துக்குத் திருப்பம் ஓர் இளங்கிளையைக் கடித்து, போக வேண்டிய பக்கமாக வளைத்து வைத்தாள். முள்ளம்பன்றி ஒருமுறை இறங்கி ஏறிப் பார்த்தது. “அடேயப்பா! காலே நோகலை!” என்று கூவியது. மலை முழுக்க அதே பேச்சாகிவிட்டது.

கருங்கொம்பனுக்கு வயிறு எரிந்தது. சரி, வீட்டிலாவது நமக்காகப் பேசுவார்கள் என்று மனைவி செம்பியிடம் போனான்.

“என்னங்க, நானும் போய்ப் பாத்துட்டு வந்தேன். நல்லாத்தான் இருக்கு” என்றாள் செம்பி.

அன்று அவனுக்குப் புல் இறங்கவில்லை. ‘ஆறு வருஷமா என் பேரைச் சொன்ன வாயெல்லாம் அந்தக் குட்டைச்சி பேரைச் சொல்லப் போகுதா? நான் உயிரோட இருக்கும்போதா?’ என்று பொருமினான். மின்னி அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் பொறாமைக்குக் காரணம் எதற்கு? அடுத்தவர் நன்றாக இருந்தாலே போதுமே.

ஓட்டத்தன்று விடிந்ததும் விடியாததுமாகக் கருங்கொம்பன் தனியாகச் சோலைக்குள் நுழைந்தான். வளைத்து வைத்த முதல் கிளையைக் கண்டான். கடித்துத் தின்றான். கசந்தது. ஆனாலும் விடவில்லை. அடுத்த கிளை, அதற்கடுத்த கிளை என்று வரிசையாகத் தின்றுகொண்டே இறங்கினான். தின்ன முடியாததைக் கொம்பால் முறித்துப் போட்டான்.

‘இப்ப ஓடட்டும் பாக்கலாம்! காட்டுக்குள்ள முழிச்சுக்கிட்டு நிப்பா. எல்லாரும் என்கிட்ட ஓடி வருவாங்க!’

பாதி தூரம் வந்ததும் வயிறு நிரம்பியது. மனசும் நிரம்பியது. ஓட்டம் தொடங்குவதற்குள் உச்சிக்குப் போய் ஒன்றும் தெரியாதவன்போல நிற்க வேண்டும். திரும்பினான்.

எந்தப் பக்கம் போவது? பனி இறங்கியிருந்தது. நாலு பக்கமும் ஒரே மாதிரி மரங்கள். பாறையில் வாழ்ந்தவனுக்குச் சோலை பழக்கமில்லை. வரும்போது அவன் கண் கிளையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அந்தக் கிளைகளோ அவன் வயிற்றில் கிடந்தன!

முன்னால் மட்டும் தின்னாத கிளை ஒன்று தெரிந்தது. அது கீழ்ப்பக்கமாக வளைந்திருந்தது.

“அவ காட்டுற பக்கம் நான் போறதா? சீ!” என்று அங்கேயே நின்றுகொண்டான்.

அதே நேரம் உச்சியில் மற்ற எல்லாரும் கூடிவிட்டார்கள். பனியில் யார் வரவில்லை என்று யாரும் கவனிக்கவில்லை. “மின்னி, முதல் கிளையையே காணோமே!” என்று முள்ளம்பன்றி பதறியது.

“போச்சு! பனி வேற மூடிக்கிச்சு. மறுபடியும் அந்தப் பாறைதானா?” என்று கால் உடைந்த குட்டியின் தாய்ப் பன்றி புலம்பியது.

மின்னிக்கும் பக்கென்றது. அடுத்த நொடி சுதாரித்துக்கொண்டாள். “கிளை போனா என்ன? பாதை என் காலுக்குத் தெரியும். நான் முன்னால போய் ஒவ்வொரு திருப்பத்துலயும் குரைக்கிறேன். சத்தம் வர்ற பக்கம் வாங்க!”

அவள் குரைத்தாள். எல்லாரும் வந்தார்கள். கருங்கொம்பன் நின்ற இடத்தை ஒட்டியே வந்தார்கள். “நானும் வர்றேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கொம்பில் இலையும் வாயில் பட்டையுமாக எப்படிச் சொல்வது? புதருக்குள் பதுங்கிக்கொண்டான். சத்தம் தேய்ந்து மறைந்தது. உடனே எழுந்து, மேடாகத் தெரிந்த பக்கம் ஓடினான். மேட்டைத் தாண்டினால் சேறு. முட்டி வரை புதைந்து நின்றான்.

அப்போதுதான் வேட்டைக்குக் கூடும் செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது.

ஆற்றங்கரையில் இருவாச்சிப் பறவை தலைகளை எண்ணியது. “ஒரு தலை குறையுதே!”

“எங்க வீட்டுக்காரரைக் காணோம். விடியலிலேயே கிளம்பிப் போனாரு” என்று செம்பி அழுதாள்.

“நான் பறந்து வரும்போது உச்சியில யாருமில்லை. அப்படின்னா சோலைக்குள்ளதான் இருக்காரு” என்றது இருவாச்சி. சோலையிலிருந்து மறுபடியும் சீழ்க்கை வந்தது.

மின்னி திரும்பி ஏறத் தொடங்கினாள்.

“வேணாம் மின்னி! நீ குரைச்சா செந்நாய்க்கும் கேக்குமே!” என்று தாய்ப் பன்றி கத்தியது.

“தெரியும் அக்கா. குரைக்காட்டி அவருக்குக் கேக்காதே!” என்றாள் மின்னி. குரைத்துக்கொண்டே ஏறினாள்.

சேற்றில் நின்ற கருங்கொம்பன் அந்தக் குரலைக் கேட்டான். உயிர் போகிற அந்த நேரத்திலும் அவனுக்கு முதலில் வந்தது பொறாமைதான். ‘இவளா வரணும்? வேற ஆளே இல்லையா?’ சீழ்க்கை நெருங்கியது. அதன் பிறகுதான் “மின்னி! இங்க இருக்கேன்!” என்று அலறினான்.

“வலது பக்கமா வேர் ஒண்ணு இருக்கு மாமா. அதுல காலை ஊனுங்க! ம், ஏறுங்க! இப்ப என் பின்னாலேயே வாங்க!”

அவள் முன்னால் ஓடினாள். அவன் பின்னால் ஓடினான். வாழ்நாளில் முதல்முறையாக அவன் இன்னொருவர் பின்னால் ஓடினான். அவள் குனிந்த இடத்தில் குனிந்தான். தாண்டிய இடத்தில் தாண்டினான். செந்நாய்கள் அவன் குதிகால் வரைக்கும் வந்துவிட்டன. ஆற்றங்கரையில் கடமான்கள் கொம்பைத் தாழ்த்தி வரிசையாக நின்றன. பன்றிகள் உறுமிக்கொண்டு முன்னால் வந்தன. செந்நாய்கள் நின்றன, முறைத்தன, பிறகு திரும்பிப் போய்விட்டன.

கருங்கொம்பன் மூச்சு வாங்க நின்றான். அவன் கொம்பில் முறிந்த கிளைகள் தொங்கின. எல்லாரும் பார்த்தார்கள். எல்லாருக்கும் புரிந்தது. மின்னிக்கும் புரிந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை.

“கடைசியா வந்தவர்தானே பேரு சொல்லணும்?” என்றது இருவாச்சி.

கருங்கொம்பன் திடுக்கிட்டான். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், இது வழியே ஆகாது. கொம்பன் வழியே நிலைக்கும். அந்த ஆசை ஒருகணம் அவனைப் பிடித்து இழுத்தது.

“சொல்லுங்க” என்றாள் செம்பி.

“மின்னி வழி” என்று முனகினான்.

“கேக்கலையே!” என்று கூட்டம் கத்தியது.

“மின்னி வழி!” என்று மலையே எதிரொலிக்கக் கத்தினான். கத்தி முடித்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

அடுத்தவர் போட்ட வழியை அழிக்கக் கிளம்பும் பொறாமைக்காரனுக்கு முதலில் அழிந்துபோவது அவன் திரும்பிப் போக வேண்டிய வழிதான்.