ஊதுமலைச் சக்கரங்கள்

செம்பட்டையன் என்றொரு நரி, ஊதுமலை உச்சியில் ஒரு பனைமரத்தடியில் படுத்துக் கனவு கண்டுகொண்டிருந்தது. கனவு காண்பதில் அதற்கு இணை கிடையாது. மற்ற நரிகள் நண்டு பிடிக்கிற நேரத்தில் இது மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அதன் ஊர், மலைக்குக் கீழே இருந்த இலுப்பைக்காடு. அங்கே குளம் வற்றிக்கொண்டு வந்தது. யானைக்குக் கால் நனையவில்லை. மான்குட்டிக்கு நாக்கே நனையவில்லை. எங்காவது தண்ணீர் கிடைக்காதா என்று தேடித்தான் நரி மலையேறியது. ஏறியதும் காற்று மேலே பட்டது. பட்டதும் கண் சொக்கிவிட்டது.

ஊதுமலைக் காற்று அப்படிப்பட்டது. கணவாய் வழியாக நுழைந்து, புல்லைத் தடவி, பாறை இடுக்கெல்லாம் புகுந்து பாடும். ஆடி மாதம் வந்தால் மட்டும் அதற்குப் பேய் பிடித்துவிடும். அம்மியைக்கூடக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போகும்.

கனவில் தண்ணீர் எழுந்து நின்றது. பிறகு, கால் முளைத்ததுபோல மெல்ல நடந்து மேலே வந்தது. "எங்கே போகிறாய்?" என்று நரி கேட்டது. "நீ கூப்பிட்டால் உன் ஊருக்கு!" என்றது தண்ணீர்.

நரி கண்ணைத் திறந்தது. எதிரே ஒரு முள்ளில் காய்ந்த ஓலைத் துண்டு மாட்டிக்கொண்டு, காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தது. காதுக்குக் கீழே பாறைப் பிளவின் ஆழத்தில் தண்ணீர் சலசலத்தது. காற்று சுற்றுகிறது, தண்ணீர் கிடக்கிறது. இரண்டையும் ஒரு கயிற்றால் கட்டினால்?

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று நரி துள்ளிக் குதித்தது.

"யாரது? பிள்ளைங்க படுத்திருக்கிற புல்லு மேல நின்னு குதிக்கிறது!" என்று ஒரு குரல் கேட்டது.

நெட்டைக்காதி என்ற முயல் அது. ஊதுமலை முயல்களுக்கெல்லாம் மூத்தவள். அவளுடைய குட்டிகள் புல்லுக்குள் பதுங்கியிருந்தன. பக்கத்திலேயே பாறைக் குழியில் ஒரு சின்னச் சுனை. மலையில் இருந்த முயல்களும் கௌதாரிகளும் அதில்தான் குடித்தன.

நரி தன் திட்டத்தை மூச்சுவிடாமல் சொன்னது. ஒவ்வொரு பனை உச்சியிலும் ஓலைச் சக்கரம். சக்கரத்தில் நார்க்கயிறு. கயிற்றில் வரிசையாகக் கொட்டாங்கச்சி. காற்று சுற்றச் சுற்ற, கொட்டாங்கச்சிகள் தண்ணீரை மொண்டு வந்து கால்வாயில் ஊற்றும். கால்வாய் இலுப்பைக்காட்டுக்குப் போகும்.

"நல்லாத்தான் இருக்கு நரியண்ணே. எங்களுக்கு இதில என்ன பங்கு?" என்று முயல் கேட்டது.

நரி சிரித்தது. "பங்கா? காத்தைத்தானே எடுக்கப்போறேன் அக்கா! காத்து யாருக்குச் சொந்தம்?"

"யாருக்கும் சொந்தமில்லதான். ஆனா அது எங்க வாசல் முத்தத்திலதானே வீசுது? சக்கரம் எங்க தலைக்கு மேலதானே சுத்தும்?"

"சரி சரி, பார்த்துக்கலாம்!" என்றது நரி. அதன் கண் முயலின் மேல் இல்லை. பனை உச்சியில் இருந்தது.

காடே திரண்டு வந்தது. மரங்கொத்திகள் துளை போட்டன. தூக்கணாங்குருவிகள் ஓலை முடைந்தன. மந்தி முடிச்சுப் போட்டது. கொம்பன் யானை பாறைகளைப் புரட்டிக் கால்வாய் வெட்டியது. வேலை முடிந்த அன்று காற்று வந்தது. முதல் சக்கரம் 'கிறீச்' என்றது. அப்புறம் எல்லாச் சக்கரங்களும் சுற்றின. பொன் நிற ஓலைகள் வெயிலில் சுழல, தண்ணீர் படியேறி வந்தது, நரி கனவில் கண்ட மாதிரியே!

இலுப்பைக்காட்டில் ஒரே கொண்டாட்டம். கொம்பன் நரியைத் தன் முதுகில் ஏற்றி ஊர்வலம் போனது. நரிக்குத் தலைகால் புரியவில்லை. நமக்கும் புரிந்திருக்காது, அவ்வளவு பாராட்டு!

சில நாளில் நெட்டைக்காதி வந்தாள்.

"நரியண்ணே, எங்க சுனையில தண்ணி இறங்கிப்போச்சு. உங்க சக்கரம் அடியில இருக்கிறதை இழுத்துடுது. கால்வாயிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் எங்க பக்கம் திருப்பி விடுங்களேன்."

நரி தலையைச் சொறிந்தது. கொடுக்கலாம் என்றுதான் அதன் மனம் முதலில் சொன்னது. ஆனால் முதுகில் ஏறிய பெருமை இன்னும் இறங்கவில்லை.

"அங்கே திருப்பினா இங்கே குறையும் அக்கா. அதோட உங்க பிள்ளைங்க சக்கரத்தடியில சுத்திச் சுத்தி வருதுங்க. கயிற்றைக் கடிச்சு வச்சா என்ன ஆகிறது?"

அன்றே நரியும் கூட்டாளிகளும் சக்கரங்களைச் சுற்றி உடைமுள் வேலி போட்டன. நல்ல புல் முழுவதும் வேலிக்குள் போயிற்று. "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!" என்று ஒரு கௌதாரி முணுமுணுத்துவிட்டுப் பறந்தது. நெட்டைக்காதி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மலையின் காய்ந்த சரிவுக்குப் போனாள்.

ஒரு மழை பெய்தது. வேலிக்குள் பச்சைப் பசேல் என்று தளிர்கள் எழுந்தன. கோவை, பிரண்டை, முடக்கத்தான், இன்னும் பெயர் தெரியாத கொடிகள். அவை பனையைப் பிடித்து ஏறின. வெள்ளைப் பூக்கள் காற்றில் ஆடின. நரி வேலிக்கு வெளியே படுத்துக்கொண்டு அந்த அழகைப் பார்த்துச் சொக்கிப்போயிற்று.

"பாரேன், சக்கரத்துக்குக் கொடி மாலை போட வருது!" என்றது மந்தியிடம்.

மாலைதான்! கொடி உச்சிக்கு ஏறியது. அச்சைச் சுற்றியது. கயிற்றைப் பின்னியது. ஒரு காலை, காற்று வந்தது; சக்கரம் ஒன்று நின்றுவிட்டது. அப்புறம் பக்கத்துச் சக்கரம். கடைசியில் காற்று மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. வேலி பயிரை மேய்ந்த கதை நமக்குத் தெரியும். இங்கே வேலி சக்கரத்தையே நிறுத்திவிட்டது.

மந்தி ஏறிக் கொடியைப் பிடித்து இழுத்தது. கொடியோடு ஓலையும் பிய்ந்து வந்தது. அடியில் விட்ட வேர் மறுபடி தளிர்த்தது. இலுப்பைக்காட்டுக் குளம் சேறாயிற்று. மான்குட்டி ஒன்று அந்தச் சேற்றில் சிக்கிக்கொண்டு கத்தியது. கொம்பன் தும்பிக்கையால் தூக்கி எடுத்தும் அது எழுந்து நிற்கவில்லை.

"உன்னை நம்பித்தானே தண்ணி தேடி வேற காட்டுக்குப் போகாம இங்கேயே இருந்தோம்!" என்றது கொம்பன் நரியிடம். அன்று நரிக்குக் கனவு வரவில்லை.

நரி வேலியைச் சுற்றிச் சுற்றி நடந்தது. ஒரு முறை நின்றது. வேலிக்கு உள்ளே இடுப்பளவு புதர். வெளியே? பெருக்கி வைத்த வாசல் மாதிரித் தரை! அதே மண், அதே மழை. வெளியே முளைத்த ஒவ்வொரு தளிரும் நுனியில் நறுக்கென்று கடிக்கப்பட்டிருந்தது. இரவில் வந்து மேய்ந்துபோன முயல்களின் பல் பட்ட இடம் அது.

"அட முட்டாளே!" என்று நரி தன்னைத்தானே திட்டிக்கொண்டது. முன்பெல்லாம் சக்கரத்தடியில் ஒரு கொடிகூடத் தலைதூக்காமல் பார்த்துக்கொண்டது யார் என்று அதற்கு இப்போதுதான் புரிந்தது.

காய்ந்த சரிவுக்கு ஓடியது. நெட்டைக்காதி ஒரு கல் நிழலில் கிடந்தாள். குட்டிகளின் மூக்கு உலர்ந்திருந்தது.

"அக்கா, வாங்க! வேலிக்குள்ள தளிர் நிறைய இருக்கு. வந்து தின்னுங்க!"

முயல் எழுந்திருக்கவில்லை. "தின்னா தாகம் அடங்குமா? எங்களை வேலைக்குக் கூப்பிடுறீங்களா, இல்ல பங்குக்குக் கூப்பிடுறீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல."

பின்னாலேயே வந்த மந்தி கொதித்தது. "தின்னுறதுக்குப் பங்கு வேறயா? கரும்பு தின்னக் கூலி கேட்கிறாளே!"

"நீ சும்மா இரு!" என்று நரி அதட்டியது. அப்புறம் முயலின் முன்னால் தலை குனிந்தது. "பங்குக்குத்தான் அக்கா கூப்பிடுறேன். சுனை நிறைஞ்ச பிறகுதான் எங்க காட்டுக்குத் தண்ணி. நான் பண்ணினது தப்பு."

"வாய்ச்சொல்லு எனக்குப் புளிச்சுப்போச்சு நரியண்ணே. 'சரி சரி'ன்னு சொன்னதும் இதே வாய்தானே?"

நரி வேலிக்குப் போய், அந்த வாயாலேயே முள்ளைக் கடித்து இழுத்தது. முள் குத்தி உதடு கிழிந்தது. ரத்தம் வந்தது. நரி நிறுத்தவில்லை. வேலி முழுவதும் சரிந்தபின் கால்வாயிலிருந்து சுனை வரைக்கும் காலால் பறித்து ஒரு வாய்க்கால் வெட்டியது. நெட்டைக்காதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் எழுந்து காதை ஆட்டினாள். முயல் கூட்டம் புதருக்குள் பாய்ந்தது.

'நறுக் நறுக்' என்று ஒரே சத்தம். அடித்தண்டு அறுந்த கொடிகள் வெயிலில் வாடிச் சருகாகிக் காற்றோடு போயின. ஓலைகள் மெல்ல அசைந்தன. பிறகு சுற்றின. தண்ணீர் முதலில் சுனைக்குப் போயிற்று. அது நிரம்பி வழிந்து கீழே இறங்கியது. மான்குட்டி அதன் ஓரத்தில் மண்டியிட்டுக் குடித்தது.

அடுத்த வருஷம் இன்னொரு சக்கரம் வைக்க வேண்டும் என்று காடு விரும்பியது. கொம்பன் ஒரு பனந்தடியைத் தும்பிக்கையில் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தது. இறக்கி வைக்கவில்லை. தூக்கிய தடியோடு அப்படியே நின்று, அந்தப் பெரிய தலையைக் குனிந்து, புல்லுக்குள் கேட்டது:

"அம்மா, எங்கே வைக்கட்டும்?"

நெட்டைக்காதி எட்டிப் பார்த்தாள். "அந்தப் பக்கம் வேண்டாங்க, கௌதாரி அடைகாக்குது. இப்படி வாங்க, நான் இடம் காட்டுறேன்!" என்று முன்னால் துள்ளிப் போனாள்.

காற்று எல்லோருக்கும் பொதுதான். ஆனால் அது யார் முற்றத்தில் வீசுகிறதோ அவர்களைக் கேட்காமல், அவர்களுக்குப் பங்கு வைக்காமல் சுற்ற வைத்த சக்கரம் நெடுநாள் சுற்றாது.