கொக்கி வைத்திருந்த ஈ

பெரிய மலையாறு ஒன்றில் செம்புள்ளி என்ற ட்ரவுட் மீன் பட்டினி கிடந்தான். சாப்பாட்டுக்குப் பஞ்சமா? அதெல்லாம் இல்லை. பனிக்காலம் முடிந்து, வெயில் ஏறி, ஆற்று ஈக்கள் கூட்டம் கூட்டமாகத் தண்ணீர்மேல் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தால் போதும். செம்புள்ளி திறக்கவில்லை.

காரணம் அவன் அண்ணன். முந்தின நாள் அண்ணன் ஒரு கொழுத்த ஈயை லபக்கென்று கவ்வினான். மறு நொடி வானத்தில் பறந்தான். அது ஈயே இல்லை. சேவல் இறகையும் நூலையும் தூண்டில் கொக்கியில் சுற்றிச் செய்த பொம்மை. வீசியவன், தொடைவரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு மனிதன். அண்ணன் கூடைக்குள் போனான். பூட்ஸ்காரன் இன்னும் ஆற்றிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"எது ஈ, எது கொக்கின்னு நான் எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?" பாறைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு கேட்டான் செம்புள்ளி.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் பாறையடியில் குடியிருந்த நண்டக்கா. "ஆனா ஒண்ணு. தின்னலேன்னா உன்னால இந்தத் தண்ணிய எதிர்த்து நிக்க முடியாது. இழுத்துட்டுப் போயிரும். கீழ் மடுவுல நீர்நாய் குடும்பத்தோட காத்துக்கிட்டு இருக்கு, பாத்துக்க!"

அப்போது மினுக்கன் என்ற ஈ இறக்கை நனைந்து, சரியாகச் செம்புள்ளியின் மூக்குக்கு நேரே விழுந்தான். செத்தோம் என்று நினைத்தான். வாய்க்கு வந்ததைக் கத்தினான்.

"டேய், கிட்ட வராதே! என் வயித்துல கொக்கி இருக்கு!"

செம்புள்ளி அரண்டு பின்வாங்கினான். மினுக்கன் கத்தாமல் இருந்திருந்தாலும் அவன் கவ்வியிருக்க மாட்டான். அது மினுக்கனுக்குத் தெரியாதே! தன் வாய்தான் தன்னைக் காப்பாற்றியது என்று முடிவு கட்டிவிட்டான். இறக்கையை உதறிப் பறந்துபோய் மொத்தக் கூட்டத்தையும் கூட்டினான்.

"எல்லாரும் வாங்கடா! உடம்புதான் பெருசு. கொக்கின்னு சொன்னா வாலைச் சுருட்டிக்கிறான்!"

அப்புறம் கேட்கவா வேண்டும்? ஈக்கள் செம்புள்ளியின் தலைக்குமேல் திருவிழாவே நடத்தின.

"எனக்கும் கொக்கி இருக்கு!"

"எனக்கு ரெண்டு!"

"என்னப்பா செம்புள்ளி, உங்க அண்ணன் வறுவலா, குழம்பா?"

மினுக்கன் ஒரு படி மேலே போனான். செம்புள்ளியின் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்து காலாட்டினான். செம்புள்ளிக்கு அழுகையாக வந்தது. வாயைத் திறக்கத்தான் தைரியம் வரவில்லை.

வெயில் சாயச் சாய அவனுக்குத் தெம்பு குறைந்தது. வால் ஓய்ந்தது. பாறையைவிட்டு ஒரு முழம் நழுவினான். பிறகு இன்னொரு முழம். கீழே மடுவில் நீர்நாய்க் குட்டிகள் கும்மாளமிடும் சத்தம் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் போனே, அவ்வளவுதான்டா!" என்று கத்தினாள் நண்டக்கா.

அந்த நேரம் பார்த்து ஒரு கொழுகொழு ஈ மிதந்து வந்தது. கொக்கி, கிக்கி என்று ஒரு கத்தல் இல்லை. அமைதியாக வந்தது.

'அப்பாடா, இவன் ஒருத்தன்தான் கொக்கி இல்லாதவன்' என்று செம்புள்ளி வாயைத் திறந்தான். பாதி திறந்ததும் ஏதோ உறுத்தியது.

"ஏம்ப்பா, உன்னைத் திங்கப் போறேன். பயமா இல்லையா?"

பதில் இல்லை.

"அட, உன்கிட்டதான் கேக்கறேன்!"

ஒரு முனகல்கூட இல்லை. செம்புள்ளி உற்றுப் பார்த்தான். இறகுக்கு அடியில் மெல்லிசாக ஒரு நூல் ஓடியது. படக்கென்று வாயை மூடினான். அதே நொடி தண்ணீர் போகும் திசைக்குக் குறுக்கே அந்த ஈ இழுபட்டு, விருட்டென்று மேலே போனது. அங்கே பூட்ஸ்காரன் தூண்டிற்கோலைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

செம்புள்ளி அசந்துபோனான். 'அடப்பாவி! நிஜக் கொக்கி வாயே திறக்கலையே! அப்போ இவ்வளவு நேரமா கத்துன பயலுக எல்லாம்...?'

மினுக்கன் மறுபடி அவன் மூக்கில் வந்து இறங்கினான். "என்னடா முறைக்கிறே? கொக்கி இருக்கு, தெரியுமில்ல?"

"எங்கே, இன்னொரு தடவை சொல்லு."

"காது அடைச்சுப் போச்சா? கொக்கிடா! இந்த நீளத்துக்கு!"

"இப்போ நல்லாக் கேக்குது. ரொம்ப நன்றிப்பா!"

லபக்!

"ஐயோ! எனக்கும் கொக்கி..."

லபக்!

"அவனை விட என்னோடது பெருசு..."

லபக்!

செம்புள்ளியின் வாலுக்கு உயிர் வந்தது. ஒரே துள்ளலில் பாறைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தான். ஈக்களோ, உயிர் பிழைக்க இன்னும் சத்தமாகக் கத்தின. கத்தக் கத்த அவனுக்கு வேலை சுலபமானது.

கடைசியில் ஒரு பொடி ஈ, பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு, மூச்சுவிடாமல் அவன் வாயை ஒட்டியே மிதந்து போனது. செம்புள்ளி அதை மேலும் கீழும் பார்த்தான்.

"இவன் பேசலையேக்கா. எதுக்கு வம்பு?" என்று ஒதுங்கி வழிவிட்டான்.

நிஜமாகவே கொக்கி வைத்திருக்கிறவன் அதைச் சொல்லிக்கொண்டு திரிய மாட்டான். வாயாலே மிரட்டுகிறவன், தன்னிடம் வாயைத் தவிர எதுவும் இல்லை என்பதைத் தானே ஊருக்குச் சொல்லிவிடுகிறான்.