மிச்சம் வைத்த மருந்து

மலை உச்சிக் குடிலில் இருந்த தாயம்மாவுக்கு வயது நாற்பது. அவள் சீடன் சடையாண்டிக்கு அறுபது. அவர் அவளைத் தாயே என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். அதில் இரண்டு பேருக்கும் குழப்பமில்லை.

தினமும் குடிலுக்குப் பால் கொண்டுவரும் சடையாண்டியின் கையில் ஒருநாள் காலை பால்செம்பு இல்லை.

"செவலைப் பசுவுக்கு மறுபடி மடிநோய் தாயே. மடி கல்லாட்டம் கிடக்கு. கன்னு முட்டினா உதைக்குது."

"மருந்து?"

"போன மழைக்கு இதே நோவுக்கு, மடியில ஏத்தச் சொல்லி டாக்டர் அஞ்சு நாளைக்கு அஞ்சு ட்யூப் குடுத்தாரு. ரெண்டே நாள்ல பால் தெளிஞ்சிருச்சு. மிச்ச மூணையும் கூரையில செருகி வெச்சேன். மலையிறங்கி இன்னொருக்கா போகணும்னா ஒருநாள் போயிருமே."

"கெட்டிக்காரர்தான்."

"அதை இப்ப ஏத்தினேன், கேக்கல. புதுசா வாங்கி அஞ்சு நாளும் ஏத்தினேன், அதுவும் கேக்கல. இந்தக் கிருமிக்கு அந்த ஆன்டிபயாடிக் இனிமே பலிக்காதுன்னுட்டாரு டாக்டர். ஏன் தாயே? அதே மருந்துதானே?"

தாயம்மா ஒரு பழைய தகரத்தையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு, சடையாண்டியின் பலாத் தோப்புக்கே அவரைக் கூட்டிப்போனாள். அங்கே குரங்குக் கூட்டம் பழத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"தட்டுங்க அண்ணே."

தட்டினார். எல்லாம் அடுத்த மரத்துக்குத் தாவின.

"ஓடிருச்சு, போதும்" என்று அவரே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

திரும்பி வந்தன. தட்டினார். பாதிதான் நகர்ந்தன. நிறுத்தினார். மூன்றாம் தடவை கை வலிக்கத் தட்டியும், கிழட்டுக் கடுவன் குரங்கு ஒன்று அவரைப் பார்த்தபடியே சுளையை மென்றது.

"உங்களுக்கு ஒரு சுளை போடலாமான்னு யோசிக்குது" என்றாள் தாயம்மா.

அவர் சிரிக்கவில்லை. தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தகரத்துக்கு ஒண்ணும் ஆகல அண்ணே. பாதியில நிறுத்தினதுல குரங்குக்குத்தான் பயம் போயிருச்சு."

சடையாண்டி தகரத்தைக் கீழே வைத்தார்.

"பக்கத்துத் தோப்பு வெள்ளாயி கை முறிஞ்சு கிடக்கா. அவ மாட்டையும் நான்தான் கறக்கிறேன். செவலையைக் கறந்த கையோட. நேத்து அதுக்கும் மடி வீங்கிருச்சு. அவ ஒரு ட்யூப்கூட மிச்சம் வெச்சவ இல்ல தாயே, சொன்னபடி முழுசா ஏத்துறவ. அவ மாட்டுக்காவது கேக்குமா?"

அதற்குள் குரங்குகள் வேலி தாண்டி வெள்ளாயி தோப்பில் இறங்கியிருந்தன.

"அந்தத் தகரத்தை அவகிட்டக் கொண்டுபோய்க் குடுங்க" என்றாள் தாயம்மா. "தட்டிப் பாக்கட்டும்."

"அங்கயும் இதே குரங்குதானே தாயே" என்ற சடையாண்டி எழுந்திருக்கவில்லை.