மூச்சுக்குப் பயந்தவள்

அந்தக் கிலுகிலு சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. புஷ்பம் ஓடும்போது அவள் இடுப்புப் பையில் மாத்திரைப் புட்டி குலுங்கும். விடிகாலை மைதானத்தில் ஆள் தெரியும் முன்பே சத்தம் வந்துவிடும்.

அன்று மாலை அந்தச் சத்தம் சீலியக்காவின் வாசலில் வந்து நின்றது. நானும் கூடப் போயிருந்தேன்.

சீலியக்கா எங்கள் விளையாட்டு விடுதியின் ஓட்டப் பயிற்சியாளர். எங்களைவிடச் சில வயதுதான் மூத்தவள். கைக்குழந்தைக்காரி.

“மருந்துக்கடையே நடந்து வருதோன்னு பார்த்தேன்,” என்றாள் அக்கா.

புஷ்பம் சிரிக்கவில்லை.

“பயமா இருக்குக்கா.”

“செப்டம்பர் ஓட்டத் தேர்வுக்கா?”

“மூச்சு வாங்குறதுக்கு.”

அக்கா ஷூவுக்கு லேஸ் கோத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

புஷ்பத்தின் அண்ணன் சவரியும் ஓட்டக்காரன். போன வருடம் மைதானத்தின் வளைவில் விழுந்தான். எழவில்லை.

“உன் நெஞ்சை டாக்டர் படம் எடுத்துப் பார்த்தாரே. ஒண்ணும் இல்லைன்னாரே.”

“படத்துல தெரியாதாம்க்கா. மாத்திரை விக்க வந்தவர் ஒரு ஆப்பிளை அறுத்து வச்சார். நாங்க பார்க்கப் பார்க்கக் கறுத்துப் போச்சு. ஓடுறவங்களுக்கு உள்ளே இப்படித்தான், இழுக்கிற காத்தே அரிச்சிரும்னார். இன்னொரு பாதியில எலுமிச்சம்பழச் சாறு தடவினார். அது வெள்ளையாவே இருந்துச்சு.”

“அறுத்த பழம்மா அது.”

“ஓடும்போதெல்லாம் அந்தப் பழம் கண்ணுக்குள்ள வருதுக்கா. அண்ணனுக்கும் உள்ளே அப்படித்தான் கறுத்திருக்குமோ?”

அக்கா லேஸை விரலில் சுற்றினாள்.

“வைட்டமின் சி, வைட்டமின் ஈ, எல்லாம் கைநிறைய முழுங்குறேன். முன்னே மாதிரி கால் எரிச்சல் இல்லை. ஆனா நேரமும் குறையலை. பிப்ரவரியில ஓடின அதே நேரம்தான். தேர்வுல விட்டுட்டா விடுதியில இடம் போயிரும். மாத்திரையை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கவா?”

உள்ளே தொட்டிலில் குழந்தை அழுதது.

அக்கா எழவில்லை.

“சத்தத்தை நிறுத்திட்டு வா,” என்றாள்.

புஷ்பம் உள்ளே போனாள். தொட்டில் ஓரத்தில் கட்டியிருந்த ரப்பர் நிப்பிளைக் குழந்தையின் வாயில் வைத்தாள். அழுகை அடங்கியது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அக்கா மறுபடியும் லேஸ் கோத்தாள். உள்ளேயிருந்து சப்பும் ஓசை மட்டும் வந்தது. பிறகு அதுவும் தளர்ந்தது.

புஷ்பத்தால் உட்கார முடியவில்லை.

“குழந்தை பால் குடிச்சு நேரமாச்சாக்கா?”

“ஆச்சு.”

“பசிக்குமே.”

“அழலையே.”

“நான்தானே வாயை அடைச்சு வச்சிருக்கேன்.”

அக்கா நிமிர்ந்தாள். முந்தானையை விலக்கினாள். ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

“இது எப்ப வந்துச்சு?”

புஷ்பம் அந்த ஈரத்தையே பார்த்தாள்.

“குழந்தை அழுதப்ப.”

“யார் வரச் சொன்னா?”

புஷ்பம் வாயைத் திறந்தாள். “அழுகைதான்க்கா. அப்போ என் கால் எரிச்சலும்...?” அவள் கை தானாகவே இடுப்புப் பையின் மேல் போயிருந்தது.

எழுந்து உள்ளே போய் நிப்பிளை உருவினாள்.

குழந்தை வீடே அதிர அழுதது. அந்த அழுகைக்குப் பக்கத்தில் புஷ்பம் நின்றாள். காதைப் பொத்தவில்லை.

அக்கா லேஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

செப்டம்பர் தேர்வில், வளைவைத் தாண்டிப் புஷ்பம் வந்தது எங்களுக்குக் கேட்கவே இல்லை. திரும்பிப் பார்த்தபோது வந்துகொண்டிருந்தாள். முகத்தில் பயம் அப்படியே இருந்தது. தேர்வானவர்களில் அவள்தான் கடைசி.

சவரிக்கு இன்றும் இருபத்து மூன்று வயதுதான். அவன் தங்கைக்கு இந்தப் பிப்ரவரியில் அறுபது முடிந்தது.