ஐந்தெழுத்துப் பட்டமும் ஆள்காட்டிக் குருவியும்

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து ஊர் தொடங்குகிற ஓரமாக ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் மைதானத்தில் புழு பொறுக்கி வளர்ந்தவள் பவளமூக்கி என்னும் ஆள்காட்டிக் குருவி. புழுவோடு சேர்த்து ஆங்கிலத்தையும் அவள் பொறுக்கிக்கொண்டாள்.

அந்தப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு விளையாட்டு பிடிக்கும். ஐந்து எழுத்தில் ஓர் ஆங்கில வார்த்தை வேண்டும், அதில் எங்காவது 'ஆர்' என்ற எழுத்து வர வேண்டும் என்பார். பிள்ளைகள் யோசித்து முடிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே பவளமூக்கி மனசுக்குள் நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். வாட்டர், டைகர், பேப்பர், பிரெட். காட்டுக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிச் சொல்லிக் காட்டுவாள். முயல்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். அவளுக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் போயிருந்தது. ஏறாதா பின்னே? காட்டில் வேறு யாருக்கு டைகர் என்று எழுத்துக்கூட்டத் தெரியும்? புலிக்கே தெரியாது.

அவளிடம் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. அது அவளுடைய பிறவிக் குரல். பகையாளி யார் வந்தாலும் "டிட்டிட்டீ, டிட்டிட்டீ" என்று காதைக் கிழிக்கிற மாதிரி கத்துவாள். அதைக் கேட்டால் மான்கள் ஓடும். காட்டெருமைகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாயும்.

அந்தக் கோடையில் ஆற்றங்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே அவள் நாலு முட்டை இட்டிருந்தாள். நரிக்கு அதன்மேல் ஒரு கண். ஆனால் அது கிட்டே போகும்போதெல்லாம் அவள் கத்துவாள், எருமைகள் விரட்டும், நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். முட்டை வேண்டுமென்றால் முதலில் அந்த வாயை அடைக்க வேண்டும் என்று நரிக்குப் புரிந்துபோயிற்று.

ஒருநாள் அது பட்டப்பகலில், கைகட்டிக்கொண்டு, மரியாதையாகத் தூரத்திலேயே நின்றது. பாறைமேட்டில் ஒரு போட்டி வைக்கப் போவதாகவும், ஜெயித்தவருக்கு 'காட்டுப் பண்டிதர்' என்ற பட்டம் உண்டு என்றும், பள்ளிக்கூடத்து வேப்பமரக் கிளி பெயர் கொடுத்துவிட்டது என்றும் சொன்னது. கிளியின் பெயரைக் கேட்டதுமே பவளமூக்கிக்கு மூக்கு இன்னும் சிவந்துவிட்டது. தான் வருவதாக உடனே ஒப்புக்கொண்டாள்.

"ஒரே ஒரு விதிதான் அக்கா," என்றது நரி. "போட்டி முடியற வரைக்கும் ஐந்தெழுத்து வார்த்தை தவிர வேற சத்தம் வரக்கூடாது. படிச்சவங்க கூடுற இடம் பாருங்க. அப்புறம், நீங்க ஜெயிக்கும்போது வீட்டுக்காரர் பக்கத்துல இல்லேன்னா நல்லாவா இருக்கும்?"

அவள் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவரில்லை. மனைவிக்குப் பட்டம் என்றதும் முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கரடிதான் நடுவர். ஒரு எழுத்துக்கு ஒரு நகம் மடக்கும். ஒரு கை நகம் ஐந்தும் மடங்கி, எங்காவது ஆர் என்று காதில் விழுந்தால் வார்த்தை சரி. கரடிக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். நரி எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, ஜெயித்தவருக்கு மாலை கட்டி எடுத்துவருவதாகச் சொல்லிக் கிளம்பியது.

கிளி "ரிவர்" என்றது. பவளமூக்கி "ஹார்ஸ்" என்றாள். கிளி "க்ரீன்" என்றது. பவளமூக்கி "ஷார்ப்" என்றாள். கூட்டம் ஆரவாரித்தது. கிளிக்கு வார்த்தை வற்றிக்கொண்டு வந்தது. தலையைச் சொறியத் தொடங்கியது. பவளமூக்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாறை உச்சியிலிருந்து காட்டை ஒரு பார்வை பார்த்தாள். இனி இது என் காடு என்கிற பார்வை.

அப்போதுதான் ஆற்றங்கரையில் காய்ந்த புல் அசைந்தது. புல்லுக்கு மேலே ஒரு வால் தெரிந்தது.

தனியாகப் பறந்து போனால் நரி அவளை மதிக்காது; எருமைகள் வர வேண்டும். எருமைகளோ போட்டியில் மயங்கிப் பாறையடியில் நிற்கின்றன. கத்தினால் பட்டம் போய்விடும். அவள் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் அவசரமாகத் துழாவினாள். எக், மூன்றே எழுத்து. ஹெல்ப், நாலு. தீஃப், ஐந்து எழுத்துதான், ஆனால் ஆர் இல்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது.

"அலெர்ட்!" என்றாள் பவளமூக்கி. "ஏ, எல், ஈ, ஆர், டி!"

கரடி நிதானமாக ஐந்து நகங்களையும் மடக்கியது. "சரி," என்றது. கூட்டம் கைதட்டியது. அவள் வீட்டுக்காரர் இரண்டு சிறகையும் அடித்துக்கொண்டார். ஒருவராவது ஆற்றுப்பக்கம் திரும்பவில்லை.

வால் கூழாங்கற்களை நெருங்கிவிட்டது.

அவள் மாலையை நினைக்கவில்லை. கிளியை நினைக்கவில்லை. வாயைத் திறந்தாள்.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

மான்கள் நாலாபக்கமும் தெறித்தன. எருமைகள் எதற்கு என்று கேட்கவில்லை, யார் என்றும் கேட்கவில்லை. கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஆற்றுக்குப் பாய்ந்தன. அவை கரையைத் தொடுவதற்குள் நரி தண்ணீரில் விழுந்து அக்கரை ஏறி, திரும்பிப் பார்க்காமல் ஓடியது. முட்டைகளில் ஒரு கீறல் கூட விழவில்லை. வீட்டுக்காரர் ஓடிவந்து முட்டைகளைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு அவற்றின்மேல் உட்கார்ந்தார்.

விதி விதிதான் என்று சொல்லிக் கரடி கிளிக்கே பட்டத்தைக் கொடுத்தது. மாலைதான் இல்லை, கட்டப் போனவர் காட்டிலேயே இல்லை.

மறுநாள் கிளி ஆற்றங்கரைக்கு வந்து, "ஒரே கத்தல்ல பட்டத்தைத் தொலைச்சுட்டீங்களே அக்கா," என்று ரொம்பவும் வருத்தப்படுவதுபோல் சொன்னது.

பவளமூக்கி எழுந்து, அடியில் இருந்த முட்டைகளை அதற்குக் காட்டினாள். எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன. ஒன்றுக்குள் ஏதோ தட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றாள், பாறைமேட்டில் நின்றதைவிட நிமிர்ந்து நின்றுகொண்டு. "பட்டத்தை மட்டும்தான் தொலைச்சேன்."

நீதி: எத்தனை கற்றாலும், ஆபத்து நேரத்தில் கேட்பவருக்குப் புரியும்படி சொல்வதே பேச்சுக்குப் பெருமை.